இலவசப் பள்ளியின் முதல் வருடம்

காலை மடக்கிப் படுத்துக்கொண்டால் வாடகை குறையுமா?

குப்பம்மாள் இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்கிற நிலையிலும் இல்லை. கோட்டைக்குள் இருந்த துணிக் கிடங்கின் தரையில் அவளை மல்லாக்கப் படுக்கவைத்து, சீலை அளக்கிற கோலால் உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை அளந்துகொண்டிருந்தார் தெய்வசிகாமணி. துரைமார்களுக்கும் ஊராருக்கும் நடுவே பேசுகிற துபாஷி அவர். பள்ளிக்கு வாத்தியாரும் அவரே. விடுதியைப் பார்த்துக்கொள்வதும் மணி அடிப்பதும்கூட அவர்தான்.

“மூணு முழம் ஒரு சாண்” என்று உரக்கச் சொல்லி எழுதிக்கொண்டார். “முதல் வருஷத்துப் பிள்ளைங்களுக்கு நீளத்துக்கு மட்டும்தான் வாடகை. அகலம் இலவசம்.”

அதன் பிறகுதான் அவளுக்குத் தைரியம் வந்தது. “சாமி, நான் சுருண்டுதான் படுப்பேன். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்.”

“சுருண்டா காலு எங்க போவுது? ஊருக்குப் போயிடுதா?”

“இல்ல சாமி.”

“உங்கூடதான கீது? அப்ப கோட்டைக்குள்ளதான கீது? நடுவுல நீ அசந்து நீட்டினா யாரு ஜவாப் சொல்றது?”

குப்பம்மாளுக்கு அது நியாயமாகவே பட்டது. உரக்கப் பேசுகிறவர்கள் பக்கம் நியாயம் இருக்கும் என்று பதினாறு வயது வரைக்கும் அவள் நம்பியிருந்தாள். எழுந்து, தன் கால்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அவை இத்தனை விலை பெறும் என்று அவளுக்கு இதற்குமுன் தெரியாது.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்துக்காரர்களின், அதாவது டச்சுக்காரர்களின், கொடி பறந்த காலம் அது. அந்த வருடம் தை மாதத்தில் ஏரிக்கரைக் குப்பங்களில் தமுக்கடித்துச் சொன்னார்கள்: கோட்டைக்குள் தருமக் கல்விச்சாலை திறக்கப்படுகிறது, ஆண் பெண் பேதமில்லை, குல பேதமில்லை, கல்வி முற்றிலும் இலவசம்.

சொன்ன சொல்லில் அவர்கள் தவறவில்லை. பாடத்துக்காக யாரிடமும் ஒரு காசும் வாங்கவில்லை. ஆனால் பாடம் விடியும்போது தொடங்கும். கோட்டைக் கதவோ விடிந்து மூன்று நாழிகை கழித்துத்தான் திறக்கும். ஆகவே படிக்க விரும்புகிறவர்கள் முதல் நாளே உள்ளே வந்து தங்கிவிட வேண்டியிருந்தது. தங்கினால் நீளத்துக்கு வாடகை. கோட்டைக் கிணற்றில் குடித்தால் சொம்புக்குக் கூலி. பாடம் நடப்பது புங்கமரத்து நிழலில் என்பதால் நிழலுக்கும் ஒரு சிறு தொகை உண்டு. மேகம் மூடிய நாட்களில் நிழல் கட்டணம் தள்ளுபடி செய்யப்பட்டது. இது மாணவர்களின் நலன் கருதி என்று தெய்வசிகாமணி மாதம் ஒருமுறை நினைவூட்டுவார். கையில் காசு இல்லாதவர்களுக்கு அதெல்லாம் பற்றாக எழுதிவைக்கப்படும்.

இத்தனைக்கும் அவள் படிக்க வந்தது ஒரே ஒரு காகிதத்துக்காக. இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய நைனா முனியன், பத்து நாள் உப்பு ஏற்றுகிற வேலை என்று சொன்னவர்களை நம்பி, ஒரு காகிதத்தில் கட்டைவிரலை வைத்துவிட்டுப் போனார். அதன் நகலைக் குடிசைக் கூரையில் ஓலைக்கு நடுவே அம்மா முத்தம்மாள் செருகிவைத்திருந்தாள். பத்து நாள் பத்து மாதமாயிற்று. பிறகு யாரும் எண்ணவில்லை. குப்பத்தில் யாருக்கும் எழுத்து தெரியாது. அதைப் படித்துவிட்டால் நைனா எந்தத் திசையில் இருக்கிறார் என்றாவது தெரியும், அந்தத் திசையைப் பார்த்தாவது நிற்கலாம் என்று குப்பம்மாள் நினைத்தாள்.

முத்தம்மாளும் குப்பம்மாளும் வலை வைத்து மீன் பிடிக்கிறவர்கள் அல்ல. மார்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி, விரலில் தட்டுப்படுகிற இறாலைப் பிடிக்கிற குடும்பம். பிடித்ததைப் போட ஒரு பனையோலைப் பறி. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். தண்ணீரில் இருக்கும்வரை யாரும் பேச முடியாது. அந்தப் பேசாத நேரத்தில் குப்பம்மாள் நிறைய யோசித்திருக்கிறாள். கோட்டைக்குள் வந்த பிறகு அவளுக்கு யோசிக்கவே இடம் கிடைக்கவில்லை. எதைத் தொட்டாலும் அது ஒல்லாந்துத் துரைமார்களின் வியாபாரக் கும்பினியுடையதாக இருந்தது.

முதல் மாத வாடகைக்கென்று அம்மா ஒரு பறி நிறைய இறாலைக் கொண்டுவந்து கதவருகே வைத்தாள். தெய்வசிகாமணி குனிந்து பார்த்தார்.

“நல்ல பெரிய இறால்தான். எங்க புடிச்ச?”

“ஏரியிலதான் சாமி.”

“ஏரி யாருது?”

முத்தம்மாள் குழம்பிப்போனாள். இப்படி ஒரு கேள்வியை அவள் கேட்டதே இல்லை. “ஏரி ஏரியோடதுதான சாமி?”

“ராஜாகிட்ட குத்தகைக்கு எடுத்தது கும்பினி. அப்ப அதுல கீற இறால் கும்பினியோடது. கும்பினி சொத்து உங்கையில மாட்டியிருக்குது. நீ யோக்கியமா அதக் கொண்டாந்து ஒப்படைச்சிருக்க. சந்தோஷம், முத்தம்மா.” அவர் பறியைக் கவிழ்த்து இறாலை எடுத்துக்கொண்டு, “பொருள் திரும்ப ஒப்படைக்கப்பட்டது” என்று ஒரு சீட்டும் கொடுத்தார். பிடித்த இடத்திலிருந்து நேரே வராமல் வீட்டுக்குப் போய்விட்டு வந்ததற்குத் தாமதக் கட்டணம் வாடகையோடு சேர்க்கப்பட்டது.

“சீட்டெல்லாம் குடுக்கறாங்க குப்பு” என்று முத்தம்மாள் மகளிடம் வியந்து சொன்னாள். “மரியாதையாத்தான் நடத்தறாங்க.” அடுத்த நாளிலிருந்து அவள் ஏரியை விட்டுவிட்டு, காட்டூர் வயல்களுக்குக் கூலி நடவுக்குப் போனாள். தண்ணீரில் நின்றே பழகிய இடுப்பு, குனிந்து நட்டதில் நிமிர மறுத்தது. அதைப் பற்றி மகளிடம் அவள் சொல்லவில்லை.

பாடம் எளிதாக இருந்தது. முதல் வருடத்தில் இரண்டே பாடங்கள். ஒன்று, தன் பெயர். இரண்டு, ஒரு வரி: மனமறிந்து சம்மதித்தேன். காலையில் பெயர், பிற்பகலில் வரி. மற்ற எழுத்துகள் இரண்டாம் வருடத்தில் வரும் என்றார்கள். இரண்டாம் வருடத்துக்கு வாத்தியார் இன்னும் நியமிக்கப்படவில்லை, தேவைப்படவில்லை என்றார்கள். ஒரு வருடம் கழித்தும் எழுத வராதவர்களை மந்தபுத்தி என்று பதிந்து கதவுக்கு வெளியே விட்டுவிடுவார்கள். அதைவிடப் பெரிய அவமானம் ஒரு மனிதப் பிறவிக்கு இல்லை என்று தெய்வசிகாமணி வாரம் இரண்டு முறை சொன்னார்.

அவளுக்குப் பக்கத்துப் பாய் ருக்குவுடையது. சீலைக்குச் சாயம் போடுகிறவரின் மகள். தோய்க்கிற தொட்டியில் விழுந்த நீலம் அவள் நகக்கண்களில் போகாமல் நின்றிருந்தது.

“நீ இன்னா குப்பு, ஒரு எழுத்துக்கு இவ்ளோ நேரம் குனிஞ்சுக்கினு கீற? இறால் தேடறியா?” என்பாள்.

“நீ எழுதறது எழுத்தா? கோலம் போட்டுக்கினு கீற.”

“என் பேருதானடி. நான் பூ வெச்சு எழுதுவேன், நீ யாரு கேக்கறதுக்கு?”

ருக்கு தன் பெயரின் கடைசி எழுத்தைச் சுழித்து, சுழித்ததின் முனையில் ஒரு மொட்டும் வைப்பாள். குப்பம்மாளின் எழுத்தில் பூ இல்லை. ஆனால் பிழையும் இருக்காது. சேற்றுக்குள் பார்க்காமலே இறாலின் தலையையும் வாலையும் பிரித்தறிந்த விரல்களுக்கு, பார்த்துக்கொண்டே எழுதுவது பெரிய வேலையாகத் தோன்றவில்லை. தன் பெயரை முதன்முதலாக முழுதாக எழுதிய நாளில் அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கு வெளியே, தான் இல்லாமலும் தான் இருக்க முடியும் என்பது அவளுக்கு இன்பமாகவும் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

ஆனிக்குள் வாடகை அவளுடைய உயரத்தைத் தாண்டி எங்கோ போய்விட்டது. வறிய மாணவர் உதவிக்கு மனுச் செய்யலாம் என்றார்கள். வறுமை மெய்தானா என்று நேரில் பார்க்க, பெரிய உபாத்தியாயரே குப்பத்துக்கு எழுந்தருளினார். அவர் ஒல்லாந்துக்காரர். அவர் பெயரைக் கரையில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை என்பதால் பெரிய உபாத்தியாயர் என்றே வழங்கியது. அவர் பல்லக்கில் வந்தார். தெய்வசிகாமணி பக்கத்தில் குடையோடு நடந்தார், வழிகாட்டக் குப்பம்மாள் முன்னால் நடந்தாள். வறுமையைப் பார்க்க வந்த பல்லக்குக்குக் கூலி, மனுச் செய்தவர் பொறுப்பு.

முத்தம்மாளின் குடிசைக்கு வந்த யாரும் வாய் நனையாமல் போனதில்லை. அன்று விடியலில் ஏரியில் இறங்கி, சட்டி நிறையும் அளவுக்குப் பெரிய இரண்டு நண்டுகளைப் பிடித்துக் குழம்பு வைத்திருந்தாள். அரிசி இல்லை, எனவே நண்டு மட்டும். பெரிய உபாத்தியாயர் கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய இரண்டையும் தின்றார். முடித்துவிட்டு நெடுநேரம் தன் மொழியில் பேசினார். தெய்வசிகாமணி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“கோட்டையில கவர்னர் மேசைக்கே நண்டு பண்டிகைக்குப் பண்டிகைதான் வருதாம். இந்த வூட்ல சாதாரண நாள்லயே நண்டு. அதனால மனு தள்ளுபடி.”

“சாமி, வேற ஒண்ணும் இல்லாததாலதான நண்டு” என்றாள் முத்தம்மாள். “கஞ்சி ஊத்தியிருக்கணுமா?”

“கஞ்சி அரிசியில வெக்கறது. அரிசி கீற வூடு எப்படி ஏழை வூடு?”

“அப்ப ஒண்ணுமே குடுக்காம இருந்திருந்தா?”

“விருந்தாளிக்கு ஒண்ணும் குடுக்காத வூட்டுப் பொண்ணுக்கு ஒழுக்கம் எப்படி இருக்கும்? ஒழுக்கம் இல்லாத பிள்ளைக்கு உதவி குடுக்கக் கூடாதுன்னு சட்டமே கீது.”

முத்தம்மாள் சட்டியைக் கழுவ எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பல்லக்குக்காரர்கள் இளைப்பாறும் நேரத்தில், குப்பம்மாள் கூரைக்குக் கைநீட்டி அந்தக் காகிதத்தை உருவினாள். மடிப்புகளில் கிழிந்திருந்தது. மேலே நெருக்கமாகப் பதினான்கு வரிகள். அவற்றில் ஓரிரு எழுத்துகள் அவளுக்குத் தெரிந்த முகங்களாக எட்டிப்பார்த்தன. மற்றவை ஊமையாக இருந்தன. கடைசியில், தனியாக, ஒரு வரி. அதை மட்டும் அவள் திக்காமல் படித்தாள்.

மனமறிந்து சம்மதித்தேன்.

அதன் பக்கத்தில் நைனாவின் கட்டைவிரல். இறால் முள் கீறிய தழும்புகூட மையில் பதிந்திருந்தது.

“இன்னா கண்ணு, படிக்க வந்துச்சா?” முத்தம்மாள் வாசலில் நின்றிருந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைக்க மறந்திருந்தாள். “நைனா எங்க கீறாராம்?”

நைனா எங்கும் இல்லை அந்தக் காகிதத்தில். அவர் சம்மதித்தார் என்பது மட்டும் இருந்தது. இதை எப்படி அம்மாவிடம் சொல்வது? இரண்டு வருடமாக அம்மா அதை எலியிடமிருந்தும் மழையிடமிருந்தும் காத்து வைத்திருக்கிறாள்.

“இன்னும் அந்தப் பாடம் வரலம்மா” என்றாள் குப்பம்மாள். அம்மாவின் முகம் விழுந்ததைப் பார்த்து, “என் பேரு எழுதத் தெரியும். பாக்கறியா?” என்று ஈரமண்ணில் விரலால் எழுதிக் காட்டினாள். முத்தம்மாள் அதை மிதிக்காமல் சுற்றி நடந்தாள். மறுநாளும் அப்படியே நடந்தாளாம்.

ஐப்பசியில் ருக்குவுக்குத் தேர்வு வைத்தார்கள். அவள் எழுத்து அழகாக இருந்ததால் மூன்று மாதம் முன்னதாகவே தகுதி பெற்றுவிட்டாள். புங்கமரத்தடியில் மேசை போட்டு, அதில் ஒரு காகிதம் விரித்து, பூநாரை இறகில் மை தொட்டுக் கொடுத்தார்கள். ருக்கு பெயரை எழுதினாள், மொட்டும் வைத்தாள். வரியை எழுதினாள். எல்லோரும் கைதட்டினார்கள். பெரிய உபாத்தியாயர் எழுந்து பேச, தெய்வசிகாமணி மேடைக்கென்று வைத்திருந்த தமிழில் சொன்னார்:

“பிள்ளைகளே, இந்தக் கல்விச்சாலை எப்படிப் பிறந்தது என்று தெரியுமா? முன்பு நாங்கள் உங்கள் ஜனங்களின் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்தோம். எங்களுக்கே அது வருத்தம்தான். பிறகு, எழுதியிருப்பது இன்னதென்று தெரியாமல் விரலைக் கொடுத்துவிட்டோம் என்று சிலர் கடலுக்கு அப்பால் உள்ள எங்கள் பெரியவர்களுக்குப் புகார் அனுப்பினார்கள். எங்கள் பெரியவர்கள் தர்மவான்கள். எழுத்தறியாதவர் கைநாட்டு இனிச் செல்லாது என்று உத்தரவிட்டார்கள். அந்த வருடம் இரண்டு கப்பல்கள் ஆளில்லாமல் போயின. அந்த வெறுமையைப் பார்த்துத்தான் எங்கள் உள்ளத்தில் கல்வியின் மீது தாகம் உண்டாயிற்று. இன்று யாருடைய விரலையும் யாரும் பிடிப்பதில்லை. விரல் தானே எழுதுகிறது. இதற்குப் பெயர்தான் நாகரிகம்.”

ருக்குவுக்கு ஒரு புதுச் சேலை போர்த்தினார்கள். அவளுடைய தங்கல் பாக்கி முழுதும் நேர்செய்யப்பட்டது என்று அறிவித்தார்கள். அன்று பகலே ஒரு படகு அவளை முகத்துவாரத்துக்கு வெளியே நின்ற கப்பலுக்குக் கூட்டிப்போயிற்று. கடல் கடந்த மேற்படிப்பு என்றார்கள்.

“எத்தினி நாளு?” என்று குப்பம்மாள் படித்துறையில் ஓடிவந்து கேட்டாள்.

“பத்து நாளுன்னாங்க” என்றாள் ருக்கு சிரித்துக்கொண்டே. “வந்து உனக்கு ஒல்லாந்து பாஷையெல்லாம் சொல்லித்தரேன் போ.” நீல நகக்கண்களோடு கையாட்டினாள்.

குப்பம்மாள் படித்துறையிலேயே நின்றுவிட்டாள். வாயில் பறிக் கயிறு இல்லை. ஆனாலும் பற்கள் எதையோ கடித்துக்கொண்டிருந்தன. மறுநாள் ருக்குவின் பாய் மூன்று முழத்துக்குச் சுருக்கப்பட்டு, புதிதாக வந்த ஒரு பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டது. அன்று முதல் குப்பம்மாளுக்கு எழுத்துகள் தடுமாறத் தொடங்கின. ஒரு நாள் கொம்பை விட்டாள், ஒரு நாள் புள்ளியை. “வாடகை பயம்” என்று தெய்வசிகாமணி மற்றவர்களிடம் சொன்னார். “முதல் வருஷத்துல எல்லாருக்கும் வரது. தேர்வுல சரியாயிடும்.”

தை மாதத்தில் அவளுடைய தேர்வு வந்தது. பெற்றோரை அழைப்பது வழக்கம் என்பதால் முத்தம்மாளுக்கும் ஆள் போயிற்று. அவள் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, காட்டூர் நடவில் வளைந்த இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நிழலுக்குக் கட்டணம் உண்டு என்று அறிந்து வெயிலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மேசை. காகிதம். மேலே நெருக்கமாக எழுத்துகள். குப்பம்மாள் வரிகளை எண்ணினாள். பதினான்கு.

“சாமி, மேல இன்னா எழுதியிருக்குது?”

“அது உன் பாடத்துல இல்ல” என்றார் தெய்வசிகாமணி அன்பாகவே. “நீ தங்கினது, தின்னது, குடிச்சது, நிழல்ல உக்காந்தது. அதுக்கு எப்படி ஈடுகட்டுவ, எங்க கட்டுவன்னு விவரம். உனக்கு வேண்டியது கடைசி வரிதான். அதத்தான் ஒரு வருஷமா சொல்லிக்குடுத்திருக்கறோம். பேரு எழுது, பக்கத்துல வரி எழுது. முடிஞ்சுது.”

இறகு அவள் கைக்கு வந்தது. விரல்கள் உடனே அதைப் பற்றிக்கொண்டன. அவளுக்கு அவற்றின் மேல் கோபம் வந்தது. ஏரியிலும் இப்படித்தான், தொட்டது இன்னதென்று மனசுக்குத் தெரிவதற்குள் விரல் மூடிக்கொள்ளும். பெரும்பாலும் இறால். எப்போதாவது கெளுத்தி. கெளுத்தி முள் மேல் விரல் மூடிவிட்டால் உதறக் கூடாது. உதறினால் முள் இன்னும் ஏறும். மெதுவாக, ஒவ்வொரு விரலாக விரிக்க வேண்டும்.

காகிதத்தில் அவள் பெயருக்கு விட்டிருந்த இடம் வெள்ளையாக இருந்தது. அதில் எழுத வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது. பிழையில்லாமல், இந்தக் கோட்டையில் யாரும் எழுதாத அளவுக்கு நேராக எழுதிவிட அவளால் முடியும். அவளிடம் இருந்த ஒரே சொத்து அது.

“எழுத வரல சாமி.”

தெய்வசிகாமணி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். “இன்னா பொண்ணே, விளையாடறியா? போன ஆடியில நீ எழுதினத நானே பாத்தேன்.”

“அப்ப வந்துச்சு.”

“கையப் புடிச்சு எழுதவெச்சிடட்டுமா துரை?” என்று அவர் திரும்பிக் கேட்டார். பெரிய உபாத்தியாயர் பதறிப்போய் எழுந்தார். கையைப் பிடிப்பது முறைகேடு, அநாகரிகம், அப்படி எழுதியதைப் பெரியவர்கள் செல்லாது என்று திருப்பிவிடுவார்கள், எல்லாம் அவளே மனமறிந்து செய்ய வேண்டும் என்று முகம் சிவந்து பேசினார். தெய்வசிகாமணி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“யோசிச்சுக்கோ” என்றார் தணிந்த குரலில். “மந்தபுத்தின்னு பேரு எழுதிடுவாங்க. கதவுக்கு வெளிய விட்டுடுவாங்க. ஊர்ல தல நிமிர முடியாது. கையெழுத்து இல்லாத பாக்கியக் கேக்கவும் முடியாம நாங்கதான் திண்டாடணும். உன் அம்மாவ நெனச்சுப் பாரு.”

முத்தம்மாள் வெயிலிலிருந்து எழுந்துவிட்டிருந்தாள். அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. மகள் தோற்றுக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும் விளங்கியது.

“எழுது கண்ணு” என்றாள். “நம்ம வூட்டு மண்ணுல எழுதினியே! நான் பாத்தனே! சாமி, அவளுக்குத் தெரியும் சாமி. பயந்துக்கினு கீறா. எழுதுடி, என் கண்ணு.”

குப்பம்மாள் அம்மாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் எழுதிவிடுவாள். சுண்டுவிரலை முதலில் விரித்தாள். பிறகு அடுத்ததை. இறகு நழுவி மேசையில் கிடந்தது. மை காகிதத்தில் படாதபடி அதை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

“முழுசா வேணாம்” என்றார் தெய்வசிகாமணி. கிட்டத்தட்டக் கெஞ்சினார். “முதல் எழுத்து மட்டும். ஒரே ஒரு எழுத்து. அதாவது ஞாபகம் கீதா?”

“அதுவும் மறந்துபோச்சு சாமி” என்றாள் குப்பம்மாள்.